மறுக்க மாட்டாள் என்று தெரிந்தே

என் தங்கச்சிக்கு மனச்சோர்வு நோய் இருந்தது. அந்த நாட்களில் எதைக் கேட்டாலும் அவள் மறுக்க மாட்டாள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டேன். அறியாமல் செய்துவிட்டேன் என்று எழுதினால் வாசிப்பவர்கள் கொஞ்சம் இரக்கப்படக்கூடும். ஆனால் அது பொய்.

விஷயம் ஒரு வீடு. மதுரையில், வைகைக்கு வடகரையில், மூன்று சென்ட் மனையும் அதில் ஒரு பழைய தளவீடும். அப்பா மில் வேலையில் சம்பாதித்துக் கட்டியது. 2015-ல் உயில் எழுதாமலே இறந்துபோனார். சுயசம்பாத்தியச் சொத்து, உயில் இல்லை என்றால் கணக்கில் குழப்பமே கிடையாது. 1956-ம் வருடத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகள் மூவருக்கும் சம பங்கு. 1989-ல் தமிழ்நாடும் 2005-ல் மத்திய அரசும் கொண்டுவந்த திருத்தங்கள் பூர்வீகச் சொத்தைப் பற்றியவை. எங்கள் வீட்டுக்கு அவைகூடத் தேவையில்லை. மேல்நிலைப் பள்ளியில் பொருளியல் நடத்திய எனக்கு இந்தக் கணக்கு தெரியாமல் இருக்குமா? வீட்டின் மதிப்பு அப்போது சுமார் 45 லட்சம். தங்கச்சியின் பங்கு 15 லட்சம். நான் கொடுத்தது 2 லட்சம்.

கேட்ட விதத்தையும் சொல்லிவிட வேண்டும். அவள் அப்போது கணவரைப் பிரிந்து, பையனோடு ஒரு வாடகைப் போர்ஷனில் இருந்தாள். நான் பழம் வாங்கிக்கொண்டு போனேன். "பாப்பா, உனக்குக் கல்யாணத்துக்கே அப்பா நகை போட்டாரு. அம்மாவும் எனக்கே எழுதித் தர்றேன்னு சொல்லிட்டாங்க. நீயும் ஒரு ரிலீஸ் போட்டுக் குடுத்துட்டேன்னா மாடி கட்ட லோன் வாங்கிரலாம். நாளைக்கு உனக்கு ஒண்ணுன்னா நான் இல்லையா?" என்றேன். சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவள், "சரிண்ணே. எங்க வந்து கையெழுத்துப் போடணும்?" என்றாள். பேரம் இல்லை, அழுகை இல்லை, எவ்வளவு தருவாய் என்ற கேள்விகூட இல்லை. நான் ஐந்து லட்சம் வரை கொடுக்கத் தயாராகப் போயிருந்தேன். அவள் ஒன்றும் கேட்காததால் இரண்டோடு நிறுத்திக்கொண்டேன். இதை இதுவரை மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள். "ஏங்க, அவ முகத்தப் பாத்தீங்களா? கொஞ்ச நாள் போகட்டுமே." "அவளே சரின்னுட்டா, உனக்கென்ன?" என்று வாயை அடைத்தேன். கொஞ்ச நாள் போனால் அவள் தெளிந்துவிடுவாளோ என்பதுதான் என் பயம்.

பத்திர ஆபீஸில் எல்லாம் முறையாகவே நடந்தது. குடும்பத்துக்குள் எழுதும் விடுதலைப் பத்திரத்துக்கு அப்போது முத்திரைத் தீர்வை அதிகபட்சம் 25,000 ரூபாய், பதிவுக் கட்டணம் அதிகபட்சம் 4,000. அதைக் கட்டினேன். பத்திரத்தில், எல்லோருடைய பத்திரத்திலும் வரும் வரிதான் வந்தது: சுயபுத்தியுடனும் பூரண சம்மதத்துடனும், பிறர் தூண்டுதல் இன்றியும் எழுதிக் கொடுப்பதாக. சார்பதிவாளர் பெயரைக் கேட்டார், சம்மதம்தானா என்று கேட்டார். அவள் தலையாட்டினாள். போட்டோ எடுத்தார்கள், கட்டை விரல் ரேகை வாங்கினார்கள். பத்திர எழுத்தர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "கொடுத்து வச்சவர் சார். தங்கச்சிங்க இப்படிக் கையெழுத்துப் போட்டு நான் பாத்ததில்ல" என்றார். பெருமையாக இருந்தது.

அவள் எதையும் மறுக்காதவள் என்பது எனக்கு எப்படித் தெரியும்? அவள் வேலை பார்த்த தனியார் பள்ளியில் ஒரு தொகைக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு அதைவிடக் குறைந்த தொகையைக் கையில் கொடுத்தார்கள். தனியார் பள்ளிகளில் இது பலருக்கும் நடப்பதுதான். அதோடு, வராத ஆசிரியையின் வகுப்பு, சனிக்கிழமை வேலை, மற்றவர் போடவேண்டிய மதிப்பெண் பட்டியல் என்று எல்லாமே அவள் தலையில் விழுந்தன. எல்லாவற்றுக்கும் "சரி சார்" சொல்வாள். நான் அவளைத் திட்டியிருக்கிறேன். "வாயைத் திறந்து கேட்டாத்தானே கிடைக்கும்? இப்படி மண்ணு மாதிரி இருந்தா எவனும் ஏறித்தான் மிதிப்பான்." அந்தப் பள்ளியை இன்றும் எங்கு போனாலும் திட்டுகிறேன். அவர்கள் செய்ததை நான் பத்திரத்தாளில் செய்தேன் என்பது மட்டும் அப்போது உறைக்கவில்லை.

ஓய்வு பெற்ற பிறகுதான் பொருளியலில் படிக்காமல் விட்டதையெல்லாம் படிக்க ஆரம்பித்தேன். அதில் ஒரு சோதனை என்னைப் பிடித்துக்கொண்டது. 1982-ல் ஜெர்மானியப் பொருளியலாளர் வெர்னர் கூத்தும் அவருடைய இரு சகாக்களும் வெளியிட்டது. இரண்டு பேர். ஒருவரிடம் ஒரு தொகையைக் கொடுத்து, இதை அடுத்தவரோடு பங்கிட்டுக்கொள் என்பார்கள். எவ்வளவு தருவது என்பது முதல் ஆளின் இஷ்டம். இரண்டாம் ஆள் சரி என்றால் அவரவர் பங்கு அவரவருக்கு. வேண்டாம் என்றால் இருவருக்குமே ஒன்றும் இல்லை. நான் முப்பது வருடம் நடத்திய பாடத்தின்படி, நூறில் ஒரு ரூபாய் நீட்டினாலும் இரண்டாம் ஆள் வாங்கிக்கொள்ள வேண்டும். சும்மா வருவதில் ஒரு ரூபாய் லாபம்தானே. ஆனால் மனிதர்கள் அப்படி நடப்பதில்லை. நூற்றுக்கு இருபதுக்குக் கீழே போனால் ஏறக்குறையப் பாதிப் பேர் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். உன் இரண்டு காசும் வேண்டாம், நீயும் அனுபவிக்காதே என்கிற ரோஷம். அது முன்கூட்டியே தெரிவதால்தான் முதல் ஆட்கள் பெரும்பாலும் நாற்பது, ஐம்பது என்று கொடுத்துவிடுகிறார்கள். அதாவது முதல் ஆளை நியாயமாக நடக்க வைப்பதில் இரண்டாம் ஆளின் கோபத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

நான் தங்கச்சிக்கு நீட்டியது மொத்தத்தில் நூற்றுக்கு ஐந்துகூட வராது.

இதே விளையாட்டை மனச்சோர்வு உள்ளவர்களை வைத்தும் நடத்தியிருக்கிறார்கள். அமெரிக்காவில் காத்யா ஹார்லே, ஜான் ஆலன், ஆலன் சான்ஃபி ஆகியோர் 2010-ல் வெளியிட்ட ஆய்வை ஒரே மூச்சில் படித்தேன். அநியாயமான பங்கைக் கண்டபோது மனச்சோர்வு உள்ளவர்களுக்கு எதிர்மறை உணர்ச்சிகள் மற்றவர்களைவிட அதிகமாகவே வந்தன. அப்படியிருந்தும் அந்தப் பங்கை மற்றவர்களைவிட அதிகமாக ஏற்றுக்கொண்டார்கள். மரத்துப்போனதால் வாங்கிக்கொண்டவர்கள் இல்லை அவர்கள். கூடுதலாக வலித்தும் வாங்கிக்கொண்டவர்கள்.

அந்த இடத்தில் படிப்பை நிறுத்திவிட்டு எழுந்து போய்விட்டேன். ஏனென்றால் நான் வருடக்கணக்காக எனக்குச் சொல்லிக்கொண்டிருந்த சமாதானம் ஒன்றே ஒன்று: அவளுக்கு அப்போது எதுவுமே படவில்லை, பணமோ வீடோ அவள் மனசில் இல்லை, அதனால் அவளுக்கு வலித்திருக்காது.

துக்கம் வேறு, இந்த நோய் வேறு என்பதையும் அந்தப் படிப்பில்தான் புரிந்துகொண்டேன். அதே ஹார்லேயும் சான்ஃபியும் 2007-ல் இன்னொன்று செய்திருந்தார்கள். நல்ல ஆரோக்கியமாக இருப்பவர்களுக்குச் சோகமான படக்காட்சி ஒன்றைக் காட்டிவிட்டு இந்த விளையாட்டை ஆடவைத்தார்கள். அவர்கள் அநியாயப் பங்கை வழக்கத்தைவிட அதிகமாக மறுத்தார்கள். சோகம் வந்தால் மனிதன் முரண்டு பிடிக்கிறான். மனச்சோர்வு வந்தால் அந்த முரண்டே போய்விடுகிறது, குறைந்தபட்சம் அந்த ஆய்வில். எல்லா ஆய்வுகளும் இப்படிச் சொல்லவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2013-ல் வந்த சில ஆய்வுகளில் மனச்சோர்வு நோயாளிகள் மற்றவர்களைவிடக் கூடுதலாக மறுத்திருக்கிறார்கள். நோய் எல்லோரையும் ஒரே மாதிரி ஆக்கிவிடுவதில்லை. தவிர, ஆய்வுக்கூடத்தில் எதிரே இருப்பவர் யாரோ ஒருவர். மறுத்தால் சில டாலர் போகும். என் தங்கச்சி மறுத்திருந்தால் போயிருக்கக்கூடியது அண்ணன். அம்மாவின் முகம் சுருங்கியிருக்கும். தீபாவளிக்குப் போக ஒரு வீடு இல்லாமல் போயிருக்கும். இதையெல்லாம் யோசிக்க அவளுக்கு அப்போது தெம்பு இருந்ததா என்று தெரியாது. எனக்கு இருந்தது, நான் யோசித்து வைத்துத்தான் போனேன்.

மறுக்கும் சக்தி எங்கே போகிறது என்பதற்கு மனநல மருத்துவத்தில் பல விளக்கங்கள் உண்டு. ஜான் பிரைஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1967-ல் ஒன்று சொன்னார். கூட்டமாக வாழும் பிராணிகளில் மேல் கீழ் என்ற வரிசை இருக்கும். தோற்ற பிராணி அடங்கிப் போய்விட்டால் மேலும் அடிபடாமல் தப்பிக்கும். மனிதனின் மனச்சோர்வில் அந்தப் பழைய அடங்கலின் சாயல் இருக்கிறது என்றார். இதை முழுக்க ஏற்க வேண்டியதில்லை. ஆனால் எங்கள் வீட்டில் அந்த வரிசை இருந்தது. அப்பா, அண்ணன், அதற்குப் பிறகு மற்றவர்கள். அப்பா போனதும் நான் ஒரு படி மேலே ஏறினேன்.

எனக்கு அதிகம் பொருந்தியது இன்னொன்று. அதே 1967-ல் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் இருவரும் நாய்களை வைத்துச் செய்த சோதனை. எது செய்தாலும் நிறுத்த முடியாத மின்னதிர்ச்சிக்கு ஆளான நாய்களில் பெரும்பாலானவை, பிறகு தாண்டித் தப்பிக்க வழி இருந்தபோதும் படுத்தே கிடந்தன. என்ன செய்தாலும் பலன் இல்லை என்று அவை கற்றுக்கொண்டுவிட்டன என்று அப்போது விளக்கினார்கள். கல்லூரியில் எங்களுக்கும் அப்படித்தான் சொன்னார்கள். ஏறக்குறைய ஐம்பது வருடம் கழித்து, 2016-ல், அதே இருவரும் தங்கள் விளக்கத்தைத் தாங்களே தலைகீழாக்கினார்கள். தொடர்ந்து அடி விழும்போது அடங்கிக் கிடப்பது மூளையின் இயல்பான செயல், அதைக் கற்க வேண்டியதில்லை. எதிர்த்தால் பலன் உண்டு என்பதைத்தான் கற்க வேண்டியிருக்கிறது என்று எழுதினார்கள்.

இதைப் படித்ததும், 2019-ல் நடந்த ஒன்றுக்கு நான் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றியது. எழுதுவதற்கு எனக்கு மிகவும் கஷ்டமான பகுதி இதுதான்.

தங்கச்சியின் பள்ளித் தோழி ஒருத்திதான் அவளை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போனாள். அண்ணன் நான் அல்ல. மாத்திரை, மாதா மாதம் மருத்துவரோடு பேச்சு என்று போய்க்கொண்டிருந்தது. மெல்ல மெல்லத் தெளிந்தாள். இதற்கிடையில் அம்மா இடுப்பு ஒடிந்து படுக்கையில் இருந்தார். வீடு என் பெயரில். படுத்த படுக்கையாக அம்மா இருந்ததோ அவளுடைய வாடகைப் போர்ஷனில். "ஒரு மாசம் வச்சுக்க பாப்பா" என்று விட்டது மாதம் மாதமாக நீண்டது. ஒரு நாள் வழக்கம்போலப் போனில், அடுத்த மாதமும் அம்மா அங்கேயே இருக்கட்டும் என்றேன். "முடியாதுண்ணே. இனி உங்க முறை. ஞாயித்துக்கிழமை வந்து கூட்டிட்டுப் போங்க" என்றாள். சத்தம் போடவில்லை. சாதாரணமாகச் சொன்னாள்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. "மாத்திரையப் போட்டுப் போட்டுத் திமிரு ஏறிப்போச்சு. முன்னாடி எவ்வளவு நல்ல பிள்ளையா இருந்தா" என்று மனைவியிடம் கத்தினேன். சொந்தக்காரர்களிடமும், அவளுக்கு மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை, குணமே மாறிவிட்டது, யாராவது மருந்தை நிறுத்தச் சொல்லுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். ஒரு சித்தி நிஜமாகவே அவளுக்குப் போன் செய்து நிறுத்தச் சொன்னார். நல்லவேளை, அவள் நிறுத்தவில்லை.

அவள் தேறி வந்ததைத்தான் நான் குணக்கேடு என்றேன். நோயாளியாக இருந்த தங்கச்சி எனக்கு வசதியாக இருந்தாள். சொத்தைவிட இந்த ஒன்றுக்காகத்தான் அவள் முன்னால் நிற்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவள் முதன்முதலாக "முடியாது" என்றபோது, எதிர்த்தால் பலன் உண்டு என்பதை அவள் என்னிடமிருந்துதான் கற்றிருக்க வேண்டும். நான் அதற்குத் தண்டனை கொடுத்தேன்.

பத்திரத்துக்கு வருகிறேன். தெரிந்த வக்கீல் ஒருவரிடம் யாருக்கோ நடந்ததுபோலச் சொல்லி விசாரித்தேன். அவர் 1872-ம் வருடத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 16-வது பிரிவை எடுத்துக் காட்டினார். வயது, நோய், மன வேதனை அல்லது உடல் வேதனையால், தற்காலிகமாகவேனும் மனத்திறன் பாதிக்கப்பட்டவரோடு ஒப்பந்தம் செய்பவர், அவருடைய விருப்பத்தை ஆட்டிவைக்கும் நிலையில் இருப்பவராகவே கருதப்படுவார். அந்த நிலையைப் பயன்படுத்தி நியாயமற்ற ஆதாயம் பெற்றால் ஒப்பந்தத்தை ரத்து செய்யக் கோரலாம். நூற்றைம்பது வருடப் பழைய சட்டம். பழத்தோடு நான் போன அந்த மாலையை எழுதி வைத்தது போலிருந்தது. அடுத்து நான் கேட்ட கேள்வி, "எத்தனை வருஷத்துக்குள்ள கேஸ் போடணும்?" விவரம் தெரியவந்ததிலிருந்து பொதுவாக மூன்று வருடம் என்றார். மனம் தானாகவே கணக்குப் போட்டது. நிம்மதியாகவும் இருந்தது. அந்த நிம்மதியையும் இங்கே எழுதித்தான் ஆக வேண்டும்.

சிலர் கேட்கக்கூடும், அப்படியானால் மனச்சோர்வு உள்ளவர்கள் போடும் கையெழுத்தே செல்லாதா என்று. அது தப்பு. 2017-ம் வருடத்து மனநலப் பாதுகாப்புச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது: மனநோய் இருக்கிறது என்பதாலேயே ஒருவரைச் சித்தசுவாதீனம் இல்லாதவர் என்று கொள்ளக் கூடாது. நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் வயது வந்தவர்களில் ஏறக்குறைய இருபதில் ஒருவருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது மனச்சோர்வு வந்திருக்கிறது. அத்தனை பேரும் வேலை பார்க்கிறார்கள், ஓட்டுப் போடுகிறார்கள், பிள்ளை வளர்க்கிறார்கள். என் தங்கச்சிக்கு அறிவு தெளிவாகவே இருந்தது. வகுப்பில் அல்ஜிப்ரா நடத்திவிட்டு வந்துதான் கையெழுத்துப் போட்டாள். கோளாறு அவளுடைய புத்தியில் இல்லை. மறுக்க மாட்டாள் என்ற ஒன்றை வைத்துத் தொகையைத் தீர்மானித்த என்னிடம் இருந்தது. ஆய்வுகள் எல்லாம் இரண்டாம் ஆள் ஏன் ஏற்றுக்கொண்டார் என்று கேட்கின்றன. ஒருவரின் பலவீனத்தைப் பார்த்துத் தொகையைக் குறைக்கும் முதல் ஆளுக்கு என்ன நோய் என்றும் யாராவது கேட்க வேண்டும்.

அம்மா போன பிறகு, போன வருடம்தான், அவளிடம் பேசினேன். ஹோட்டலில் உட்கார்ந்து சொன்னேன். வீட்டில் உட்கார்ந்து சொல்லத் தைரியம் இல்லை. ஐந்து லட்சம் நினைத்துப் போய் இரண்டு கொடுத்தது, மருந்தை நிறுத்தச் சொல்ல ஆள் விட்டது, வக்கீலிடம் மூன்று வருடக் கணக்குக் கேட்டது, எல்லாவற்றையும் சொன்னேன். அவள் காபியை முடித்துவிட்டுச் சொன்னாள். "எனக்கு அன்னிக்கே தெரியும்ணே, நீங்க ஏமாத்துறீங்கன்னு. ராத்திரி பூரா உங்களத் திட்டிக்கிட்டுக் கிடந்தேன். விடிஞ்சதும், நமக்கெல்லாம் எதுக்கு வீடு, வாழத் தெரியாதவளுக்குன்னு என்னையே திட்டிக்கிட்டேன். உங்களத் திட்டுனது ஒரு ராத்திரி. என்னையத் திட்டுனது ரெண்டு வருஷம்."

மன்னிப்புக் கேட்டேன். "அதைப் பிறகு பாக்கலாம். பணத்தப் பேசுவோம்" என்றாள்.

நான் மனதில் வைத்துப் போயிருந்தது அன்றைய மதிப்பில் மிச்சம் இருந்த 13 லட்சம். அவள் கேட்டது இன்றைய மதிப்பில் மூன்றில் ஒரு பங்கு, அதில் நான் கொடுத்த இரண்டைக் கழித்து மீதி. இது ரொம்ப அதிகம் என்றுதான் முதலில் என் வாயில் வந்தது. அவள் கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, அந்தத் தெருவில் சமீபத்தில் நடந்த கிரயங்களை எழுதி வைத்திருந்ததைக் காட்டினாள். அவள் சொன்ன தொகைதான் சரி. ஒத்துக்கொண்டேன். மாடி கட்டிய கடனுக்காகப் பத்திரம் வங்கியில் இருப்பதால் தவணையாகத் தருவதாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். இந்த முறை பத்திரத்தை எழுதியது அவள் வைத்த வக்கீல். முதல் தவணை போயிருக்கிறது. வீடு இன்னும் என் பெயரில்தான் இருக்கிறது.